முத்திரை இல்லாமல் வந்த கவர்

2024 ஏப்ரல் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை. தபால் பெட்டிக்குள் நுழையாத அளவுக்குத் தடிமனான ஒரு கவரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரித்தால் நான்கு கட்டுகள், எண்பது பக்கத்துக்கு மேல், அத்தனையும் கேள்விகள். என்மேல் வழக்குப் போட்டிருந்த கான்ட்ராக்டரின் வக்கீல் அனுப்பியது. கோர்ட் முத்திரை எங்கேயும் இல்லை. நீதிபதி கையெழுத்து இல்லை. ஆஜராக வேண்டிய தேதியும் இல்லை. "இவர் கேட்டால் நான் எதற்குச் சொல்ல வேண்டும், ஜட்ஜ் கேட்கட்டும், சொல்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குக் கீழே வைத்து மூடிவிட்டேன். அந்த நினைப்பால் நான் பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியா மாநில கோர்ட்டில், வக்கீல் வைக்காமல் ஒரு சிவில் வழக்கை ஏறக்குறைய ஒரு வருடம் தனியாக நடத்தியவள், அவ்வளவுதான்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமான்ட்டில் எங்களுடையது பழைய வீடு. சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் மாற்றிக் கட்ட 82,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டேன், என் பெயரில். பாதிப் பணம், 41,000, கொடுத்தாயிற்று. மாடிக் குளியலறை முடிந்த மூன்றாவது வாரம் கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் ஈரம் தெரிந்தது. நாலு நாளில் அது ஒரு தாம்பாளம் அளவுக்குப் பரவிவிட்டது. கசிவைச் சரிசெய்தால்தான் மீதி என்று சொன்னேன். கான்ட்ராக்டர் வேலையை நிறுத்தினார். கடைசியில் மீதி 41,000, கூடுதல் வேலைக்கு 5,800, ஆக 46,800 கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். அந்தச் சமயம் என் கணவர் திருச்சியில், ஆஸ்பத்திரியில் கிடந்த மாமனாருக்குத் துணையாக இருந்தார். ஒரு வக்கீலிடம் பேசிப் பார்த்தேன், முன்பணமே பத்தாயிரம் என்றார். நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சம்மன் கையில் கிடைத்த 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 435 டாலர் கட்டி அதை ஒழுங்காகப் போட்டும் விட்டேன். இனி கோர்ட் கூப்பிடும்போது போனால் போதும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். கேஸ் என்றால் எனக்குத் தெரிந்தது பெரியப்பாவின் பாகப்பிரிவினை வழக்கு. அமீனா சம்மன் கொண்டுவருவார், வக்கீல் வாய்தா வாங்குவார், வருடக்கணக்கில் போகும். எதுவாக இருந்தாலும் கோர்ட்டுக்குள், ஜட்ஜ் முன்னால்தான் நடக்கும். இங்கே அப்படி இல்லை. வழக்கின் பெரும்பகுதி நடப்பது கோர்ட்டுக்கு வெளியே, இரண்டு தரப்புக்கும் நடுவில் போய்வரும் காகிதங்களில். அதற்குப் பெயர்தான் டிஸ்கவரி. உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, யார் சாட்சி, எதை ஒப்புக்கொள்கிறாய், எதை மறுக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும், சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளை யாரும் கோர்ட்டில் தாக்கல் செய்வதில்லை, அதனால்தான் முத்திரையும் இருப்பதில்லை. ஆனால் கேட்கும் அதிகாரத்தை அந்த வக்கீலுக்குச் சட்டமே கொடுத்திருக்கிறது. பதில் போகவில்லை என்பது ஜட்ஜுக்கு உடனே தெரியாது. தெரியவரும்போது நாம் குற்றவாளி மாதிரி நிற்போம்.

அந்த நான்கு கட்டுகளில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு வந்தால் அடையாளம் தெரியும். ஒன்று, கோர்ட் அச்சடித்த படிவத்தில் உள்ள பொதுக் கேள்விகள். அதில் கட்டத்தில் குறியிட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும். இரண்டு, எதிர்த்தரப்பு வக்கீல் தானே எழுதிய சிறப்புக் கேள்விகள். 35 தான் வரம்பு, அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் ஏன் தேவை என்று தனியாக உறுதிமொழி இணைக்க வேண்டும். எனக்கு மிகச் சரியாக 35 வந்தது. மூன்று, ஆவணங்களைக் கொடு என்ற கோரிக்கை. இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, எனக்கு 42. நான்கு, "இதை ஒப்புக்கொள்" என்ற பட்டியல், 28 வாக்கியங்கள். பார்க்க ரொம்பச் சாது மாதிரி இருக்கும் இந்த நாலாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. "வாதிக்கு 46,800 டாலர் தர வேண்டியிருப்பதை ஒப்புக்கொள்." "குளியலறை வேலை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததை ஒப்புக்கொள்." ஒவ்வொன்றும் ஒரே வரி.

அந்தக் கவருக்குப் பதில் சொல்ல எனக்கு இருந்தது 30 நாள். மாநிலத்துக்குள் தபாலில் அனுப்பினால் இன்னும் 5 நாள் சேரும். மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருந்தால் 5 நாளுக்குப் பதில் கோர்ட் வேலைநாள் 2 மட்டும். இந்தக் கணக்கு கவர் நம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. கட்டின் கடைசியில், அனுப்பியதற்கு உறுதியளித்து ஒருவர் கையெழுத்துப் போட்ட பக்கம் இருக்கும், அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. என் கட்டில் ஏப்ரல் 3 என்று இருந்தது. ஆக மே 8 கடைசி நாள். அந்தப் பக்கத்தையே நான் ஜூன் மாதக் கடைசியில்தான் படித்தேன்.

மே நடுவில் அந்த வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கெடு முடிந்துவிட்டது, ஆட்சேபம் சொல்லும் உரிமையை இழந்துவிட்டீர்கள், பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் கோர்ட்டில் மோஷன், அதாவது ஜட்ஜிடம் உத்தரவு கேட்கும் மனு, போடுவோம் என்று. கை நடுங்கியது. அன்றிரவே உட்கார்ந்து ஐந்து பக்கத்துக்கு நடந்த கதை முழுவதையும் எழுதினேன். கூரை எப்படி நனைந்தது, எத்தனை முறை போன் செய்தேன், அவர் எப்படிப் பேசினார், எல்லாம். கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் சட்டப்படி அது பதிலே இல்லை. ஒவ்வொரு கேள்வியின் எண்ணைப் போட்டு, அதன் கீழ் அதற்குரிய பதிலை எழுத வேண்டும். கடைசியில், கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு இவை உண்மை என்று உறுதி கூறும் பக்கத்தில் தேதி, கையெழுத்து போட வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத பதில், பதிலே வராததற்குச் சமம். எவ்வளவு உண்மையாக எழுதியிருந்தாலும் சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மே மாதத்தில்கூட இல்லை, ஏப்ரலிலேயே, அந்த வக்கீலுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். "நான் வக்கீல் இல்லாமல் நடத்துகிறேன், பதில் தர இன்னும் இரண்டு வாரம் வேண்டும், ஆட்சேப உரிமை உட்பட" என்று கேட்டால் பெரும்பாலான வக்கீல்கள் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு அவர்களும் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வாயால் சொன்னால் நிற்காது, எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எதிராளியிடம் போய் அவகாசம் கேட்பதா என்ற ரோஷத்தில் பலர் இதைச் செய்வதில்லை. எனக்கோ கேட்கலாம் என்பதே தெரியாது.

ஜூனில் மோஷன் வந்துவிட்டது. 28 வாக்கியங்களையும் நான் ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் அறிவிக்க வேண்டும், இந்த மோஷன் போட ஆன செலவு 2,310 டாலரையும் நான் தர வேண்டும் என்று. விசாரணை ஜூலை 18. படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பணம் தர வேண்டியதை ஒப்புக்கொண்டேன் என்று கோர்ட்டே எழுதிவிட்டால் அப்புறம் வழக்கில் பேச என்ன இருக்கிறது? நான் வாயைத் திறக்காமலே தோற்றுப்போகப் போகிறேன். திருச்சியில் என் கணவர் ஐ.சி.யூ. வாசலில் தூங்கிக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல மனசு வரவில்லை. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய்வந்தேன்.

நாலாவது நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கவுண்டி, அதாவது மாவட்ட, கோர்ட்டில் இருக்கும் சுய உதவி மையத்துக்குப் போனேன். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டி கோர்ட்டிலும் இப்படி ஒன்று உண்டு, இலவசம். உங்கள் வழக்கில் என்ன வாதம் வைக்கலாம் என்று சொல்லித்தர மாட்டார்கள். எந்தப் படிவம், எந்தச் சட்டப் பிரிவு, என்ன கெடு என்பதைச் சொல்வார்கள். அங்கே இருந்த பெண்மணி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2033.280 ஆம் பிரிவை அச்செடுத்துக் கொடுத்து ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். விசாரணைக்கு முன்பாக, விதிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும் பதிலை எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டால் கோர்ட் அந்த வாக்கியங்களை ஒப்புக்கொண்டதாக அறிவிக்காது. அதற்கு அடுத்த வரியையும் காட்டினார். அப்படிப் பதில் கொடுத்தாலும், நேரத்தில் கொடுக்காமல் மோஷன் போட வைத்ததற்கான பணத் தண்டனை கட்டாயம். அது போகட்டும், கேஸ் உயிரோடு இருக்கிறதே என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த இரண்டாவது வாய்ப்பு எல்லா இடத்திலும் இல்லை. டெக்சாஸில் மோஷன்கூட வேண்டாம், கெடு தாண்டினால் அந்த வாக்கியங்கள் தானாகவே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டிலும் அப்படித்தான். அதன்பிறகு அதை விலக்கிக்கொள்ள நாம்தான் மோஷன் போட்டு, தகுந்த காரணம் காட்டிப் போராட வேண்டும். டாலஸில் இருக்கும் என் தோழிக்கு இதைச் சொன்னபோது அவளே நம்பவில்லை.

ஒன்பது ராத்திரி எழுதினேன். வேலை முடிந்து, மகளைத் தூங்கவைத்துவிட்டு, பத்து மணிக்கு அந்தக் கறை படிந்த கூரைக்குக் கீழேயே உட்காருவேன். ஒப்புக்கொள்ளும் பட்டியலில் மூன்றே வழிதான். ஒப்புக்கொள்வது, மறுப்பது, நியாயமாக விசாரித்துப் பார்த்தும் சொல்ல முடியாத நிலை என்று எழுதுவது. ஒரு வாக்கியத்தில் பாதி உண்மை என்றால் அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு மீதியை மறுக்க வேண்டும். முதல் வரைவில் கோபத்தில் 28க்கும் மறுக்கிறேன் என்று எழுதியிருந்தேன். ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து என்பதையும் சேர்த்து. நல்லவேளை, அனுப்பவில்லை. காரணமில்லாமல் மறுத்து, பிறகு எதிராளி அதை வழக்கின் இறுதி விசாரணையில் நிரூபித்துவிட்டால், நிரூபிக்க ஆன செலவை நம் தலையில் கட்ட முடியும். கடைசியில் ஒன்பதை ஒப்புக்கொண்டேன், பத்தொன்பதை மறுத்தேன்.

மறுத்தால் வேலை முடிந்துவிடாது. பொதுக் கேள்விப் படிவத்தில் 17.1 என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் முழுசாக ஒப்புக்கொள்ளாத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன காரணம், அந்த விவரம் யாருக்குத் தெரியும், அவர்கள் முகவரி, போன் எண், எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்று எழுத வேண்டும். பத்தொன்பது முறை எழுதினேன். அந்த ஒன்பது ராத்திரியில் பாதி இதற்கே போனது. சலிப்பாக இருந்தாலும் இதைச் சிரத்தையாக எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் வழக்கு உங்களுக்கே அங்கேதான் தெளிவாகும். எந்த இடத்தில் ஆதாரம் இருக்கிறது, எந்த இடத்தில் வெறும் ஆதங்கம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது 17.1 எழுதும்போதுதான்.

ஆவணங்களுக்கும் ஒரு முறை உண்டு. மொத்தமாக அள்ளி ஒரு பெட்டியில் போட்டுக் கொடுக்கக் கூடாது. எந்த ஆவணம் எந்தக் கோரிக்கை எண்ணுக்கு உரியது என்று குறித்துத் தர வேண்டும். நான் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு, ஒரு நகல் என்னிடமும் வைத்துக்கொண்டேன். 214 பக்கம் வந்தது. ஏதாவது ஆவணம் நம்மிடம் இல்லையென்றால் "இல்லை" என்று மட்டும் எழுதினால் செல்லாது. நன்றாகத் தேடினேன், விசாரித்தேன், அது எப்போதுமே இருந்ததில்லை அல்லது தொலைந்துவிட்டது, வேறு யாரிடம் இருக்கலாம் என்று எழுத வேண்டும். இந்த இடத்தில் எனக்கு இன்னொரு அடி. கூரை நனைந்த முதல் நாள் எடுத்த படங்கள் பழைய போனில் இருந்தன. வழக்கு வந்த பிறகு, மே மாதத்தில், அதைக் கொடுத்துவிட்டுப் புது போன் வாங்கியிருந்தேன். மிச்சம் இருந்தது வாட்ஸாப்பில் கணவருக்கு அனுப்பியவை மட்டும். அப்படி அனுப்பிய படத்தில் எடுத்த தேதி, நேரம் எல்லாம் உதிர்ந்துவிடும். வழக்கு வரும் என்று தெரிந்த நாள் முதல் எதையும் அழிக்கக் கூடாது, போனை மாற்றக் கூடாது, மாற்றினால் அப்படியே நகல் எடுத்துவைக்க வேண்டும். எதிராளி நினைத்திருந்தால் நான் வேண்டுமென்றே ஆதாரத்தை அழித்தேன் என்றே கிளப்பியிருக்கலாம்.

எல்லாம் எழுதி முடித்தாயிற்று, தபாலில் போட வேண்டியதுதானே என்றால், நான் போடக் கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர்தான் தபாலில் சேர்த்துவிட்டு, சேர்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வீடு தள்ளி ஒரு கோயம்புத்தூர் அக்கா இருக்கிறார். ஜூலை 8ஆம் தேதி மத்தியானம் அவர் கதவைத் தட்டி, "அக்கா, இதை நீங்கதான் போஸ்ட் ஆபீஸ்ல போடணும், நான் போட்டா செல்லாது" என்றேன். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரியும். "ஏம்மா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உடனே வந்தார். தபால் நிலையக் கவுன்ட்டரில் அவர் அந்தப் பெட்டியை எடைமேடையில் வைத்தபோதுதான், ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 17 மதியம் கோர்ட் வலைத்தளத்தில் ஜட்ஜின் உத்தேசத் தீர்ப்பு வந்திருந்தது. பதில்கள் வந்துவிட்டதால் 28 வாக்கியங்களை ஒப்புக்கொண்டதாக அறிவிக்கவில்லை, ஆனால் 1,560 டாலர் முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும். அந்த உத்தேசத் தீர்ப்பை எதிர்த்து வாதாட விரும்பினால் அன்று மாலை 4 மணிக்குள் கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். நான் எதிர்க்கவில்லை. 2,310 கேட்ட இடத்தில் 1,560 என்று குறைத்ததே பெரிது.

பணத்தைவிட வலித்தது வேறொன்று. நேரத்தில் பதில் கொடுக்காததால் ஆட்சேபம் சொல்லும் உரிமை போய்விட்டது என்று அந்தக் கடிதத்தில் இருந்ததே, அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. வேலை சம்பந்தமாக நான் யாருடன் பேசிய செய்தியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்பது அந்த 42இல் ஒன்று. கணவரும் நானும் வாட்ஸாப்பில் பேசிக்கொண்டதை எல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மே 8க்குள் ஒரே ஒரு வரி ஆட்சேபம் எழுதியிருந்தால் அதைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கெடு தாண்டியதில் அந்தப் பாதுகாப்பையும் நான் இழந்துவிட்டேன். அப்போதும்கூட அந்த உரிமை என் கணவருக்கும் தனியாக உண்டு, அவர் பெயரில் ஆட்சேபித்துப் பார்த்திருக்கலாம், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி நானே மோஷன் போட்டிருக்கலாம் என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். அதற்குள் 214 பக்கமும் அவர்கள் கையில் இருந்தது.

அக்டோபரில் டெபாசிஷன். எதிர்த்தரப்பு வக்கீல் அலுவலகத்தில், தட்டச்சு செய்பவர் முன்னால் சத்தியம் செய்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு, அதாவது ஏழு மணி நேரத்துக்கு மேல் பொதுவாக நீட்ட முடியாது. மூன்றாவது மணி நேரத்தில் அவர் 131ஆம் பக்கத்தை எடுத்து என் முன்னால் நகர்த்தினார். ஆங்கில எழுத்தில் நான் கணவருக்குத் தட்டிய தமிழ்: "காச கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம்." கையை அடக்கிச் செலவு செய்வோம் என்றுதான் நான் சொன்னது, மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் வாங்கியிருந்த மொழிபெயர்ப்பில், பணத்தைக் கொடுக்காமல் கொஞ்ச நாள் இழுத்தடிப்போம் என்ற பொருள் வந்திருந்தது. கசிவு என்பதெல்லாம் சாக்கு, பணம் கொடுக்காமல் இருக்க முன்பே திட்டம் போட்டுவிட்டீர்கள், அப்படித்தானே என்று கேட்டார். வீட்டுக்குள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக் கவலையில் பேசிக்கொண்ட பேச்சை ஒரு மேசையின்மேல் விரித்து வைத்து, அதற்கு நான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் இன்னும் போகவில்லை. உங்கள் செய்திகள் தமிழில் இருந்தால், கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை அன்னியர் கண்ணால் படித்துப் பாருங்கள். எந்த வரி திரியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதில் தயாராக இருக்கும்.

டெபாசிஷனுக்கு ஓரளவு தயாராகப் போனேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு வக்கீலை ஆறு மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தியது. முழு வழக்கையும் எடுக்காமல் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ள கலிஃபோர்னியாவில் அனுமதி உண்டு. மணிக்கு 425, மொத்தம் 2,550. இதை ஏப்ரலிலேயே செய்திருந்தால் ஒரு மணி நேரம் போதுமாயிருந்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், ஊகம் செய்யாதே, மௌனம் தாங்காமல் பேச்சை வளர்க்காதே என்றார். நீ சொன்ன பதில்களின் எழுத்துப்படி தயாரானதும் படித்துத் திருத்திக் கையெழுத்திட 30 நாள் இருக்கிறது, விட்டுவிடாதே என்றும் சொன்னார். அந்த "இழுத்துப் பிடிப்போம்" பதிலில் தட்டச்சுப் பிழை இருந்தது. திருத்தினேன்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றுதான் வழக்கையே திருப்பியது. "அவர்கள் உன்னைக் கேட்டார்கள், நீ அவர்களை ஏன் கேட்கவில்லை?" டிஸ்கவரி இரண்டு பக்கமும் உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் நானும் பன்னிரண்டு கேள்விகளும் ஒன்பது ஆவணக் கோரிக்கைகளும் அனுப்பினேன், கோயம்புத்தூர் அக்கா கையால். குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் நீர்க்காப்பு போட்டதற்கான பில், டைல்ஸ் ஒட்டிய துணை கான்ட்ராக்டரின் கணக்கு, இவையெல்லாம் கேட்டிருந்தேன். வந்த பதிலில் தெளிவற்றது, அளவுக்கு மீறியது, தொல்லை தருவது என்று ஆட்சேபங்கள்தான் நிறைய இருந்தன. அதைப் பார்த்து மனம் விட்டுவிடக் கூடாது. முதலில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏன் அந்தப் பதில் போதாது என்று விளக்கி வக்கீலுக்குக் கடிதம் எழுதிப் பேச வேண்டும். பேசாமல் நேராக மோஷன் போட்டால் கோர்ட் ஏற்காது. பேசிக்கொண்டே இருந்து நாளைக் கோட்டைவிடவும் கூடாது. உறுதிமொழியோடு பதில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 45 நாள், தபால் என்றால் அதோடு 5 நாள். அதற்குள் மோஷன் போடாவிட்டால், எழுத்தில் அவகாசம் வாங்காதவரை, மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடும். நான் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தேன். மோஷனுக்கு 60 டாலர் கட்டணத்தையும் எடுத்துவைத்தாயிற்று. முப்பத்தெட்டாவது நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது, பதினோரு பக்க இணைப்போடு. டைல்ஸ்காரரின் பில்லில் டைல்ஸ், சிமென்ட், கூலி எல்லாம் வரி வரியாக இருந்தன. நீர்க்காப்புச் சவ்வு என்று ஒரு வரிகூட இல்லை. என் ஒப்பந்தத்தில் அதற்கென்றே 2,400 டாலர் தனியாகப் போட்டிருந்தார்கள்.

2025 பிப்ரவரியில் சமரசப் பேச்சு. அந்த பில்லையும், வேறு ஆளை வைத்துக் கசிவைச் சரிசெய்த 14,200 டாலர் ரசீதையும் மேசையில் வைத்தோம். வீட்டு வேலை ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது பத்து சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது கலிஃபோர்னியா சட்டம். அவர் என்னிடம் வாங்கியது 10,000. இதையும் என் ஆவணங்களுக்கு வரிசை எண் போடும்போதுதான் நான் கண்டுபிடித்தேன். 46,800 கேட்டவர் 17,500க்கு ஒத்துக்கொண்டார். இன்னும் போராடியிருக்கலாம் என்றார்கள் சிலர். மாமனார் காலமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோர்ட் விதித்தது 1,560, வக்கீலுக்கு 2,550, பதில் மனுக் கட்டணம் 435, டெபாசிஷன் எழுத்துப்படி நகல் 640, அச்சு, தபால் எல்லாம் சேர்த்து 185. மொத்தம் 5,370. விடுப்பு பதினோரு நாள். இவற்றில் 1,560உம், விடுப்பில் பாதியும், அந்த 131ஆம் பக்கமும் இழுப்பறையில் கிடந்த கவரால் வந்தவை. இன்னொரு விவரம்: கேட்கும் தொகை 35,000க்குள் இருக்கும் வழக்குகளில் எழுத்துக் கேள்வி, ஆவணக் கோரிக்கை, ஒப்புக்கொள்ளும் பட்டியல் எல்லாம் சேர்ந்தே 35தான், டெபாசிஷனும் ஒன்றுதான். உங்களுடையது அந்த வகை என்றால் வரம்பை மீறி வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், மீறியிருந்தால் அதையும் கெடுவுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

போன மாதம் சாக்ரமெண்டோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார், கோயம்புத்தூர் அக்காவுக்கு உறவு. வாடகை முன்பணத் தகராறு ஒன்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. "அக்கா, எதிராளி வக்கீல் ஏதோ கேள்வித்தாள் மாதிரி அனுப்பியிருக்கான், கோர்ட்டிலிருந்து வரல, விட்டுடலாம்ல?" என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் படிக்கச் சொன்னேன். படித்தார். விரல்விட்டு எண்ணினோம், தபால் நாள் ஐந்தையும் சேர்த்து இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. போனை வைக்காமலே அந்த வக்கீலுக்கு மின்னஞ்சல் எழுதவைத்தேன், இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், ஆட்சேப உரிமை உட்பட என்று. மறுநாள் காலை பத்து மணிக்குச் சரி என்று பதில் வந்துவிட்டதாம்.